மூன்றாம் கூட்டுச் சேவல்

— தள்ளி நில்லுங்க்கா. செருப்பக் கழட்டிட்டு, அந்தச் சுண்ணாம்புல கால வெச்சுட்டு உள்ள வாங்க.

— அட என்ற சாமி, கோயிலுக்குப் போனாக்கூட இத்தன சுத்தம் கேக்க மாட்டாங்க. கோழிக்கூட்டுக்கா?

— ஊருக்குள்ள கோழிக்குக் கழிச்சல் சீக்கு இருக்குதுங்க. நம்ம கால்லயே வரும்.

— வெச்சாச்சு. ரெண்டு காலும் வெச்சாச்சு. வேணும்னா தலகீழா நின்னு தலையவும் வெக்கறேன். போதுமா தரணி?

— போதுங்க.

— இந்தா, சாமச்சோறும் மொச்சக்கொட்டக் கொழம்பும். உப்பு ஒறப்பு பாத்துச் சொல்லு.

— நல்லாருக்குங்க்கா. அப்படி வைங்க.

— மூடியத் தொறக்கவே இல்ல, அதுக்குள்ள நல்லாருக்குதா? ஒண்ணு சொல்லட்டுமா? போன தை மாசம் ஒருநா வேணும்னே உப்பே போடாம கொழம்பு கொண்டாந்து குடுத்தேன். நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான். சட்டிய வழிச்சுக் குடுத்துட்டு, "நல்லாருந்துச்சுங்க்கா"ன்னுட்ட. அன்னிக்கு என்ற ஊட்டுக்காரரு மூணு தடவ கேட்டாரு, "ஏன் அம்சா அழுவற"ன்னு.

— தெரியலைங்க்கா.

— அதத்தான சொல்றேன். உனக்குத் தெரியல. சத்யா போயி ஒரு வருசம் தாண்டிருச்சு. உன்ற நாக்கும் பொண்டாட்டிகூடவே போயிருச்சு.

— ம்.

— இந்த "ம்"மத் தூக்கிப் பரண் மேல போடு. இப்ப என்னத்தப் பண்ற, குனிஞ்ச தல நிமிராம?

— வலைக்கு அடியில கல்லு பதிக்கறனுங்க. கீரி தோண்டுது.

— மூணு கூட்டுக்குமா?

— மூணுக்கும்.

— உள்ள உமி மாத்தி, முட்ட போடற பொட்டிக்கு வேப்பந்தழ வெச்சு, ஏறி ஒக்கார மூங்கக் கழி கட்டி, பொரள்றதுக்கு சாம்பக் குழி வேற. என்ற மவ சங்கீதா மெட்ராஸுல ஒரு ரூம்புல ஏழு பேரோட படுத்துக் கெடக்கறா. அவளையும் இங்கயே ஒரு கூட்டுல போட்டுக்கிட்டீன்னா புண்ணியமாப் போவும்.

— ஒரு கூட்டுக்கு எட்டுப் பொட்டதாங்க்கா. எடமில்ல.

— பாரேன்! பேசிட்டான்! நக்கலெல்லாம் வருது! இன்னொண்ணு சொல்லு, இன்னொண்ணு சொல்லு.

— அந்தக் கல்ல எடுங்க.

— போச்சு, உள்ள பூந்துட்டான். இந்தா கல்லு. எனக்கு இந்தக் கூட்டுக்குள்ள வந்தாலே சத்யா சொன்னதுதான் ஞாபகம். "அக்கா, கூட்டுக்கு ஒரு சேவல். வருசம் ஒருக்கா சேவல் அடுத்த கூட்டுக்கு மாறோணும், பொட்ட எடத்த விட்டு நகராது. அப்பத்தான் அப்பனும் மவளும் சேராம, குஞ்சு நல்ல குஞ்சா வரும்"னா. நான் சொன்னேன், "ஏம்புள்ள, கோழியாப் பொறந்திருந்தா நாம மாமியா ஊட்டுக்கே போயிருக்க வேண்டாமில்ல"ன்னு. சிரிச்சு சிரிச்சு, நீ நிக்கற எடத்துலதான், அந்தத் தட்டியப் புடிச்சுட்டு ஒக்காந்தே போனா.

— தட்டி சாஞ்சிருச்சு. அடுத்த நாளு நான்தான் கட்டுனேன்.

— அதையும் ஞாபகம் வெச்சிருக்கற.

— ம்.

— ஒண்ணாங்கூட்டுல சேவல் இருக்குது. ரெண்டாங்கூட்டுல இருக்குது. இந்த மூணாங்கூட்டப் பாத்தாத்தான் எனக்குப் பொறுக்கல. கலெக்டருச் சேவல் இல்லாம பொட்டைங்க எட்டும் மொகத்தத் தொங்கப் போட்டுட்டு நிக்குது பாரு.

— அதுங்க நல்லாத்தாங்க இருக்குது.

— எப்பேர்ப்பட்ட சேவல்! கழுத்துல ஒரு மயிரு இல்லாம, செவச்செவன்னு, சவரம் பண்ணி விட்டாப்ல. முள்ளுக்குறிச்சியில அவிய அப்பன் ஊட்டுல இருந்து குஞ்சா மடியில வெச்சு பஸ்ஸுல கொண்டாந்தா. வளைவுக்கு வளைவு பஸ்ஸுல பாதிச் சனம் வாந்தி எடுத்துச்சாம், அந்தக் குஞ்சு ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டே வந்துச்சாம். பெருசானப்பறம் தெனம் காலையில மூணு கூட்டையும் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் தீனிக்கே போவும். அதுக்குத்தான கலெக்டருன்னு பேரு வெச்சா.

— கருப்பிக்குத் தண்ணி வெக்கணும். நவுருங்க்கா.

— ஏன், கருப்பி அடையிலதான இருக்கா? இன்னிக்கு எத்தனாம் நாளு?

— இருவத்தொண்ணு.

— அட கூத்தே! இன்னிக்கா பொரிக்கோணும்? சொல்லவே இல்ல?

— காலையில இருந்து உள்ள சத்தம் கேக்குது. ஒரு முட்ட கீறியிருக்குது.

— எத்தன முட்ட வெச்ச?

— பதினாலு. ஏழாம் நாளு டார்ச் அடிச்சுப் பாத்தேன். பதினொண்ணுல உசுரு இருக்குதுங்க.

— ஒரு வருசமா ஒரு கோழியக்கூட அடைக்கு வெக்காதவன், இந்த மாசம் என்ன திடீர்னு?

— வெக்கணும்னு தோணுச்சு.

— எந்தக் கூட்டு முட்ட?

— மூணாங்கூட்டு.

— மூணாங்கூடா? அதுக்குத்தான் சேவலே இல்லையே தம்பி. கருப்பனாரு சாமி நோம்பிக்கு ரெண்டு நா முன்னாடி, திங்கக்கெழம, கலெக்டர என்ற ஊட்டுப் பொட்டைங்களுக்கு இரவலாக் குடுத்துட்டியே. அப்பறமுல்ல இந்த முட்டையெல்லாம் போட்டுச்சு? கூமுட்டையா இருக்குமேன்னு...

— சேவல் போனாலும் அதோட சத்து பொட்ட வயித்துல ரெண்டு வாரம் தங்கும். அந்த முட்ட பொரிக்கும்.

— ரெண்டு வாரமா?

— ரெண்டு வாரம்.

— சேவல் இல்லாமயேவா?

— இல்லாமயே.

— அட கருப்பனாரே! இத எனக்கு யாருமே சொல்லலையே!

— ஏனுங்க்கா?

— ஒண்ணுமில்ல. நீ தண்ணிய வெய்யி. நான் செத்த இப்படி ஒக்காந்துக்கறேன். அப்ப, இந்த முட்டையில இருக்கறது கலெக்டரு குஞ்சா?

— ஆமாங்க.

— வேற எங்கயும் கலெக்டரு குஞ்சு இல்லியா? அவ இருந்தப்ப பொரிச்சுதே?

— கழிச்சல்ல போச்சு. சத்யா ஆஸ்பத்திரியில இருந்தப்ப. ஊசி போட ஆளில்ல.

— அப்ப இதான் மிச்சம்.

— இதான் மிச்சம்.

— தம்பி, நீ அந்தக் கடப்பாரையக் கீழ வெய்யி.

— எதுக்குங்க?

— வெய்யிங்கறேன். கையில கடப்பாரையோட நிக்கறவன்கிட்ட சொல்ற சேதியில்ல இது. வெச்சியா? ம். நான் அன்னிக்குச் சொன்னாப்ல கலெக்டர மரநாய் தூக்கலை.

— ம்.

— நான் பொய் சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் சேந்து பொய் சொன்னோம். நோம்பியன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? சங்கீதாவுக்கு வேல கெடைச்சதுக்கு கருப்பனாருக்கு செவலச் சேவல நேந்து விட்டிருந்தோம். ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில ரெண்டு கூட கவுத்தி வெச்சிருந்தேன். ஒண்ணுல செவல. இன்னொண்ணுல உன்ற கலெக்டரு. புது எடம், ஊடு பழகட்டும்னு ரெண்டு நாளா தெறந்தே விடல. விடியக்காலம் என்ற ஊட்டுக்காரரு எந்திரிச்சாரு. மூடுபனி, கை நீட்டுனா கை தெரியல. விருந்துக்கு வந்த ஒறம்பரை முழிக்கறதுக்குள்ள பூசைய முடிக்கோணும்னு அவசரம். வலது கூடையத் தூக்குங்கன்னு சொன்னேன். அவருக்கு எந்தக் காலத்துல வலதும் இடதும் தெரிஞ்சுது? கால புடிச்சுத் தலகீழாத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

— கழுத்து கையில தெரியலையாங்க?

— தெரிஞ்சுதாம்! அதான கொடும! "அம்சா பாதி உரிச்சே வெச்சிருக்கறா, பரவால்லயே"ன்னு நெனச்சாராம்.

— உசுரோட இருக்கறதையா?

— இதையேதான் நானும் கேட்டேன். தூக்கக் கலக்கங்கறாரு. கருப்பனாரு கல்லு முன்னாடி வெச்சுத் தண்ணி தெளிச்சாராம். சேவல் சிலுப்புனாத்தான சாமி ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம்? போன வருசம் நேந்ததெல்லாம் அர மணி நேரம் சிலுப்பாம நின்னுச்சு, சொம்புத் தண்ணி முச்சூடும் தீந்து போச்சு. இது ஒரு சொட்டு பட்டதும் உதறு உதறுன்னு உதறுச்சாம். வெறுங்கழுத்துல பனியில பச்சத் தண்ணி பட்டா கலெக்டரு உதறாம என்ன பண்ணுவாரு?

— அப்பறம்?

— அப்பறம் என்ன, வாட்டி அறுத்துக் கொண்டாந்து குடுத்துட்டாரு. நானும் மெளகு அரச்சு ஊத்திக் கொதிக்க விட்டுட்டேன். ஒறம்பரை ஒக்காந்தாச்சு, நீயும் வந்து ஒக்காந்துட்ட. அப்பப் பாத்து பொடக்காளியில செவல கூவுது! கரண்டி கையிலயே நின்னு போச்சு எனக்கு. ஓடிப் போயிப் பாத்தா, வலது கூடையில செவல ஒக்காந்துட்டு என்னையப் பாக்குது, "என்ன அம்சவேணி, நல்லாருக்கறயா"ங்கறாப்ல.

— ம்.

— சிரிக்காத. இல்ல, சிரிச்சுரு, பரவால்ல. திட்டவாவது திட்டு. அன்னிக்கு நீ மூணு தடவ வாங்கித் தின்ன. மூணாந்தடவ நீயே எலைய நீட்டி, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க்கா"ன்ன. ஒரு வருசமா கேட்டுத் தின்னாத புள்ள கேக்குதேன்னு சந்தோசப்படறதா, எதத் தின்னுட்டு எதக் கேக்குதுன்னு அழுவறதா? ஊத்தறப்ப உன்ற வேட்டியில ரெண்டு சொட்டு விழுந்துச்சு.

— கறை போயிருச்சுங்க்கா.

— கறையா இப்ப முக்கியம்? கால்ல கெடந்த வளையத்தையாச்சும் உன்ற கையில குடுத்துரலாம்னு பாத்தேன். சத்யா செப்புக் கம்பியில ரெண்டு முறுக்கு முறுக்கிப் போட்டிருந்தாளே, அது. அடுப்புச் சாம்பலச் சலிச்சேன், குப்பையக் கிண்டுனேன். கெடைக்கல.

— பரவால்லைங்க.

— பரவால்லையா? அவ வளத்த சேவல் தம்பி அது!

— தெரியுங்க்கா.

— கோவம் இல்லியா?

— இல்லைங்க.

— அப்ப ரெண்டாவதையும் சொல்லிப்போடறேன்.

— ரெண்டாவதா?

— நீ வெள்ளிக்கெழம சேலத்துக்குப் போனியே, தங்கச்சி ஊட்டுக் காது குத்துக்கு? ஞாயித்துக்கெழம வரைக்கும் கூட்ட என்ற பொறுப்புல விட்டியே? மூணாங்கூடு சேவல் இல்லாம கெடக்குதே, நம்மால வந்த வெனதானன்னு மனசு கேக்கல. செவலயக் கொண்டாந்து உள்ள விட்டேன். மூணு நாளும் காலையில விட்டு, பொழுதோட புடிச்சுட்டுப் போயிட்டேன்.

— மூணாங்கூட்டுலயா?

— ம்.

— செவலயா?

— இப்படி மொறச்சா எனக்குப் பேச்சு வராது.

— மொறைக்கல. எண்ணிட்டிருக்கேன். வெள்ளிக்கெழம விட்டீங்கன்னா, சனி வரைக்கும் போட்ட முட்ட கலெக்டருதுதான். முட்ட உருவாக ஒரு நாளுக்கு மேல ஆகும். ஞாயித்துக்கெழம முட்டதான் சந்தேகம். முட்ட மேல பென்சில்ல கெழம எழுதியிருக்குது. பிரிச்சுரலாம்.

— அங்கதான் தம்பி மூணாவது வருது.

— அக்கா.

— நீ எழுதுன முட்டையெல்லாம் அழுக்கா கெடந்துச்சு. அந்தப் புள்ளையோட சேவலத் தின்னுட்டமே, முட்டையையாச்சும் சுத்தமா வெப்பம்னு, தேங்கா நார வெச்சுத் தேச்சுக் கழுவிப்போட்டேன். பென்சில் எழுத்து அத்தனையும் போச்சு. அந்த மூணு நா முட்டையோட சேத்து எல்லாத்துலயும் நானே மறுபடியும் எழுதுனேன்.

— பதினாலு முட்டையிலயும் "புதன்"னு இருந்துச்சுங்க.

— நோம்பி வந்த கெழம, அதான் மண்டையில நின்னுச்சு.

— ஒரே நாள்ள எட்டுக் கோழி பதினாலு முட்ட எப்படிப் போடும்னு யோசிச்சேன்.

— யோசிச்சவன் ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்ன?

— கேக்கலைங்க.

— கேட்டிருந்தா அன்னிக்கே கால்ல விழுந்து சொல்லியிருப்பேன்! நான் இருவத்தேழு நாளா உன்ற ஊட்டுக்குச் சோத்துச் சட்டிய எடுத்துட்டு வாரேன், சொல்லோணும் சொல்லோணும்னு வாரேன், சொல்லாமயே திரும்பிப் போறேன். என்ற உசுரே பாதியாப் போச்சு. இப்ப எது கலெக்டரு முட்ட, எது செவல முட்டன்னு எப்படித்தான் கண்டுபுடிக்கறது?

— கழுத்த வெச்சுத்தான். கலெக்டரு குஞ்சுல பாதி மொட்டக்கழுத்தா வரும். செவலக்கு வராது. நம்ம பொட்ட எதுவும் மொட்டக்கழுத்து இல்ல.

— அப்ப மொட்டக்கழுத்து ஒண்ணு வந்தாப் போதும்?

— ஒண்ணு வந்தாப் போதுங்க. அவரு வம்சம் நிக்கும்.

— வரலைன்னா?

— வரலைன்னா... எல்லாம் செவலதுன்னுதான் நெனைக்கோணும்.

— கழுவுனதுல முட்டையும் கெட்டிருக்குமோ?

— கழுவக் கூடாதுங்க. மூணு முட்ட அதுலதான் போயிருக்கும்.

— அடப் பாவி அம்சவேணி! ஒரே வாரத்துல அந்தச் சேவல எத்தன தடவ கொன்னிருக்கற!

— அழுவாதீங்க்கா. கருப்பி மெரண்டு எந்திரிச்சுக்கும்.

— சரி, சத்தமில்லாம அழுவறேன்.

— அம்சா! ஏய் அம்சா! இங்கயா இருக்கற? தம்பியும் இருக்குதா?

— வாராரு பாரு, பனியில சேவலுக்கு மாலை மரியாத பண்ணுன மவராசன். ஏனுங்க, செருப்பக் கழட்டிட்டு சுண்ணாம்புல கால வெச்சுட்டு வாங்க!

— வெச்சாச்சு, வெச்சாச்சு. அதாவது தம்பி, நான் எதுக்கு வந்தேன்னா, இந்தா, செவலயக் கொண்டாந்தேன். மூணாங்கூடு சும்மாத்தான கெடக்குது, இது இங்கயே இருக்கட்டும். கலெக்டரு போனது எனக்கும் ரொம்ப வருத்தம். அதாவது, அந்த மரநாய என்ற கண்ணால பாத்தேன் தம்பி.

— அப்படிங்களாண்ணா?

— பொடக்காளிச் செவுத்து மேல நின்னுச்சு. வாலு இத்தாச்சோடு நீளம். கண்ணு ரெண்டும் பஸ்ஸு லைட்டாட்டம். வாயில கலெக்டரு. நான் கல்ல எடுத்தேன். அது என்னையப் பாத்துச்சு, நான் அதப் பாத்தேன்.

— ஏனுங்க.

— இரு அம்சா, சொல்லி முடிச்சுர்றேன். அப்படியே பலா மரத்துல ஏறி, மெளகுக் கொடியப் புடிச்சு, அந்தப் பக்கம்...

— ஏனுங்க! நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன்.

— எல்லாத்தையுமா?

— தண்ணி தெளிச்சது வரைக்கும்.

— அதாவது தம்பி... அந்த மரநாய் வேற ஒருநா வந்ததா இருக்கும்.

— இருக்கும்ணா.

— ஆனா ஒண்ணு. சேவல் சிலுப்புனது நெசம். கருப்பனாரு மனசாரத்தான் வாங்கிக்கிட்டாரு. அதனால செவலக்கு நேத்தி முடிஞ்சுது, இனி அதுக்கு ஆயுசு கெட்டி. அதக் கும்பிட்டு உனக்குக் குடுக்கறேன். மாட்டேங்காத தம்பி.

— ரெண்டு வாரம் தனியா வைங்கண்ணா. சீக்கு இல்லைன்னு தெரிஞ்சதும் விடலாம்.

— மாமியா ஊட்டுக்கு வந்த அன்னிக்கே தனிச் சமையலாடா செவல உனக்கு! சரி, அந்தப் பக்கம் கட்டி வெக்கறேன்.

— ஸ்ஸ்! ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. கருப்பி ஒடம்பத் தூக்குது.

— என்ன தம்பி?

— ஒண்ணு வெளிய வந்திருச்சு.

— கழுத்து? கழுத்தப் பாரு தம்பி!

— மயிரு இருக்குதுங்க்கா. செவப்பு.

— செவலது. போச்சு.

— இருங்க. கலெக்டருதுலயும் பாதி இப்படித்தான் வரும்னு சொன்னனே. இன்னொண்ணு கீறுது.

— என்ன நடக்குது இங்க? எதுக்கு ரெண்டு பேரும் அடைக்கோழிய சாமி செலையப் பாக்கறாப்ல பாக்கறீங்க?

— கம்முனு இருங்க. மொட்டக்கழுத்துக் குஞ்சு ஒண்ணு வந்தா கலெக்டரு வம்சம் நிக்கும். வரலைன்னா நம்ம ரெண்டு பேருக்கும் இந்தப் பாவம் தீராது.

— அப்ப நானும் கும்பிடறேன். கருப்பனாரே, ஒரு சேவல வாங்கிக்கிட்டியே, ஒரு குஞ்சையாச்சும் திருப்பிக் குடு. பேரம் பேசலை, சும்மா கேக்கறேன்.

— ரெண்டாவதும் வந்திருச்சு.

— சொல்லு.

— மயிரு இருக்குது.

— ஏனுங்க, என்னையப் புடிங்க.

— என்னையவே நான் புடிச்சுட்டிருக்கேன்.

— ஈரத்துல சரியாத் தெரியாதுங்க்கா. காயட்டும்.

— நீ ஏன் தம்பி இந்தப் பனியில இப்படி வேத்து வடியற?

— கல்லு தூக்குனதுல.

— கல்லு தூக்கி ஒரு மணி நேரமாச்சு.

— ம்.

— தம்பி, கருப்பி றெக்கைக்கு அடியில, அந்தப் பக்கம், அது என்னது? அதுக்கு யாரு கழுத்த உரிச்சது?

— எதுண்ணா?

— அந்தாப் பாரு. மஞ்சக் குஞ்சு. தலையில முடி இருக்குது, ஒடம்புல இருக்குது, நடுவுல ஒண்ணுமே இல்ல. ரோசாப்பூவாட்டம் கழுத்து. எனக்குத் தெரியும் தம்பி, இந்தக் கழுத்த இனி எந்த இருட்டுலயும் எனக்குத் தெரியும்!

— அக்கா.

— சொல்லு, சொல்லு, நெசமா?

— மொட்டக்கழுத்துங்க்கா.

— ஐயோ என்ற சாமி! என்ற கண்ணு! கலெக்டரு வந்துட்டாரு! ஏனுங்க, கலெக்டரு வந்துட்டாரு!

— குதிக்காத அம்சா, கூடு சாஞ்சிரும்!

— சாயட்டும்! தம்பி கட்டுவான்! சத்யா சிரிச்சுச் சாஞ்ச தட்டிய அவன்தான கட்டுனான்! இன்னொருக்காக் கட்டுவான்!

— அந்தா இன்னொண்ணு தம்பி. அதுக்கும் கழுத்து இல்ல. எனக்குத்தான் மொதல்ல தெரியுது, பாத்தியா?

— ரெண்டா! பதினொண்ணுல நாலுதான் வந்திருக்குது, அதுலயே ரெண்டா! தம்பி, இது சேவலா, பொட்டையா?

— ரெண்டு மாசம் ஆகுங்க்கா தெரிய.

— எதா இருந்தாலும் சரி. சேவலா இருந்தா கலெக்டரு. பொட்டையா இருந்தாலும் கலெக்டரு. இப்பல்லாம் பொம்பளைங்களும்தான வாராங்க? கையில குடு, ஒருக்கா வெச்சுப் பாக்கறேன். கழுவ மாட்டேன், சத்தியமாக் கழுவ மாட்டேன்.

— ரெண்டு கையிலயும் ஏந்திப் புடிங்க. அழுத்தாதீங்க.

— எப்படிச் சூடா இருக்குது. கழுத்துல நெஞ்சு துடிக்கறது தெரியுது தம்பி. ஏய் குட்டி, ஒங்கொப்பன நாங்க... வேண்டாம், பெருசானப்பறம் சொல்றேன். நீ எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கற? அழுவறியா, சிரிக்கறியா?

— தெரியலைங்க்கா.

— தெரியலைங்கறான். ஆனா இந்தத் தெரியல வேற தெரியல. ஏனுங்க, இவனுக்குப் பல்லு இருக்குதுன்னே இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— சிரிக்கட்டும் விடு. அதாவது தம்பி, ஒரு ரோசன. இதுங்க கால்ல இப்பவே எதையாச்சும் கட்டி வெச்சுரு. பெரிய அடையாளமா. என்ற கையி எப்படின்னு எனக்கே நம்பிக்கையில்ல.

— கொஞ்சம் பெருசாகட்டும்ணா. வளையம் இருக்குது.

— எந்த வளையம் தம்பி?

— என்ற சட்டப் பையில இருக்குதுங்க்கா. கையெல்லாம் மண்ணு. நீங்களே எடுங்க.

— இரு, குஞ்சக் கருப்பிக்கு அடியில விட்டுட்டு வாரேன். எங்க... இதா? கருகிக் கெடக்குது. செப்புக் கம்பி. ரெண்டு முறுக்கு. இது... ஏனுங்க, இங்க வாங்க! இது சத்யா முறுக்குனதுங்க! கலெக்டரு கால்ல கெடந்தது! நாம சாம்பலயெல்லாம் சலிச்சமே!

— நான் அடுப்புக்குள்ளயே தலைய விட்டுப் பாத்தனே! உனக்கு எங்க தம்பி கெடைச்சுது?

— நோம்பியன்னிக்கு. அக்கா ரெண்டாந்தடவ கொழம்பு ஊத்துனாங்கல்ல, அதுல.

— எலையிலயா? அப்ப உனக்கு அன்னிக்கே தெரியுமா? சேலத்துக்குப் போறப்ப, "ஒரு முட்டையையும் யாருக்கும் குடுக்காதீங்க"ன்னு சொன்னியே, தெரிஞ்சுதான் சொன்னியா? இருவத்தேழு நாளா என்னையச் சாவடிச்சியேடா பாவி! அது இருக்கட்டும். வளையத்த எடுத்துப் பையில போட்டுட்டு, தெரிஞ்சே எலைய நீட்டி, மூணாந்தடவ எதுக்குடா கேட்ட?

— சத்யா போனதுக்கப்பறம் அன்னிக்குத்தாங்க்கா நாக்குல ருசி தெரிஞ்சுது. உப்பு மட்டும் ஒரு கல்லு கூட.